சிறு விமானத்தின் டேக்-ஆஃப்: விமானி தவறும் இடங்களும் தவறாமலிருக்கும் வழிகளும்

பறக்கக் கற்றுக்கொள்பவருக்கு முதலில் கைவருவது டேக்-ஆஃப்தான். எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளி, நடுக்கோட்டை விடாமல் ஓடி, வேகம் வந்ததும் மூக்கை மெல்ல உயர்த்தினால் போதும், விமானம் எழுந்துவிடுகிறது. அதனால் பயிற்சி நேரமெல்லாம் தரையிறக்கத்துக்கே போய்விடுகிறது. ஆனால் தரையிறக்கம் கெட்டுப்போனால் பெரும்பாலும் விமானத்துக்குத்தான் சேதம். டேக்-ஆஃப் கெட்டுப்போகும்போது டேங்க் நிறைய எரிபொருள் இருக்கிறது, எடை உச்சத்தில் இருக்கிறது, எஞ்சின் முழு வலுவில் இருக்கிறது. பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டிய உயரம் மட்டும் இருப்பதில்லை.

விபத்து அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகும். கடைசி இருபது நொடிகளில் விமானி செய்த பிழைக்கு வேர், பெரும்பாலும் எஞ்சினை இயக்குவதற்கு முன்பே விழுந்திருக்கிறது. ஆகவே ‘பறந்தே தீர வேண்டும், ஏதாவது கோளாறு தெரிந்தால் நிறுத்துவோம்’ என்று ஓடுபாதைக்குப் போவது தலைகீழான மனநிலை என்பது என் கருத்து. நிறுத்துவதுதான் இயல்பு, ஒவ்வொரு கட்டத்திலும் விமானம் தன் தகுதியைக் காட்டினால் மட்டுமே பறப்பு. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான சோதனைகள்.

இங்கே மனத்தில் வைத்திருப்பது ஒற்றை பிஸ்டன் எஞ்சின் கொண்ட நான்கு இருக்கை விமானத்தை. எண்கள் கணக்கைப் புரியவைக்க மட்டுமே. உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள எண்தான் செல்லும்.

படி 1: இன்று கிளம்பத்தான் வேண்டுமா?

1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள செயென் நகரிலிருந்து ஒரு செஸ்னா 177பி கிளம்பியது. கண்டத்தைக் குறுக்கே கடந்து சாதனை படைக்க வந்த 7 வயதுச் சிறுமி, அவளுடைய தந்தை, விமானத்துக்குப் பொறுப்பான பயிற்றுநர் என மூவர் அதில் இருந்தார்கள். இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது, காற்று விட்டுவிட்டு வீசியது. விமான நிலையமே 6,100 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. விமானத்தின் எடையோ வரம்பைவிட 96 பவுண்டு, அதாவது சுமார் 43 கிலோ கூடுதல். எழுந்த சற்று நேரத்தில் விமானம் ஸ்டால் ஆகி, அதாவது வேகம் போதாமல் இறக்கை தூக்குவிசையை இழந்து, விழுந்தது; மூவரும் இறந்தார்கள். மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில் கிளம்பப் பயிற்றுநர் எடுத்த முடிவையும், வேகத்தைக் காக்கத் தவறியதையும் காரணமாகச் சொன்ன அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கால் நெருக்கப்பட்டிருந்த பயணத் திட்டமும் அதற்குத் துணைபோனது என்றது.

கவனியுங்கள்: மழை மட்டும், எடை மட்டும், உயரம் மட்டும் என்றால் ஒருவேளை தப்பியிருக்கலாம். மூன்றும் சேர்ந்தபோது நிற்கச் சொல்ல ஆளில்லை. உங்களுக்குத் தொலைக்காட்சி காத்திருக்காது. ஆனால் திருமண வீடு, வாடகைக்கு எடுத்த விமானத்தைத் திருப்பித் தர வேண்டிய நேரம், பின்னிருக்கையில் ஆவலோடு உட்கார்ந்திருக்கும் நண்பர் எல்லாம் அதே வேலையைச் செய்யும். பக்கக்காற்று எத்தனை நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்), மேகத்தின் அடி எத்தனை அடி, எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று உங்கள் சொந்த வரம்புகளை அவசரமில்லாத ஒரு நாளில் எழுதி வையுங்கள். கிளம்பும் நாளில் அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டுமே தவிர, அதைத் திருத்தக் கூடாது. காத்திருப்பவர்களிடம் ‘வராமலும் போகலாம்’ என்று முந்தின நாளே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. தூக்கமின்மை, காய்ச்சல், மயக்கம் தரும் மருந்து, முந்தின இரவின் மது பற்றி விளக்கத் தேவையில்லை.

படி 2: எடையும் எடைமையமும்

நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் ஏறலாம் என்பதில்லை. இந்த வகை விமானங்கள் பலவற்றில் டேங்கை நிரப்பி நான்கு பெரியவர்களை ஏற்றினாலே எடை வரம்பு தாண்டிவிடும். எரிபொருளைக் குறைப்பதா, ஆளைக் குறைப்பதா என்று தரையிலேயே முடிவெடுங்கள். எடையைக் கேட்டால் மக்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். தராசு வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட்டிகளையும் நிறுத்துப் பாருங்கள்.

பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்குத் தரும் கணக்குப்படி, எடை 10 சதவீதம் கூடினால் புறப்படத் தேவையான தூரம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுகிறது. எடைமையம் பின்னால் போவது அதைவிடக் கொடியது. மூக்கு தானாக மேலே போக விரும்பும், ஸ்டால் ஆனால் அதைக் கீழே கொண்டுவர எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) வலு போதாது. 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸின் மார்ஷ் ஹார்பரில் பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேர் இறந்த செஸ்னா 402பி விபத்தில் இரண்டுமே நடந்திருந்தன: எடை வரம்புக்கு மேல், எடைமையம் அனுமதித்த எல்லைக்குப் பின்னால்.

படி 3: ஓடுபாதை போதுமா?

பெரும்பாலோர் தாண்டிப்போகும் படி இதுதான். ‘போன வாரம் இங்கிருந்துதானே கிளம்பினோம்’ என்ற நினைவுதான் காரணம். போன வாரம் விடியற்காலை, இரண்டு பேர், எதிர்க்காற்று. இன்று நடுப்பகல், நான்கு பேர், காற்றே இல்லை. ஓடுபாதை மட்டும்தான் அதே ஓடுபாதை.

முதலில் அடர்த்தி உயரத்தை, அதாவது இன்றைய காற்றின் அடர்த்திப்படி விமானம் உணரும் உயரத்தை, கணக்கிடுங்கள். வெப்பக் காற்று லேசானது. இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் எஞ்சினுக்கும் மூன்றுக்குமே அது குறைவாகத்தான் கொடுக்கும். ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் திட்ட வளிமண்டலத்தில் கடல்மட்ட வெப்பநிலை 15 பாகை செல்சியஸ். ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 2 பாகை குறையும். அந்த அளவைவிடக் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு பாகைக்கும் அழுத்த உயரத்தோடு (காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்ட உயரம்) 120 அடி சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்த உயரம் 3,000 அடியுள்ள இடத்தில் வெப்பநிலை 34 பாகை என்று வைப்போம். அங்கே இருக்க வேண்டியது 9 பாகை; 25 பாகை கூடுதல்; 25 × 120 = 3,000 அடி. ஆக, 6,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் விமானம் நடந்துகொள்ளும். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீத வலுவை இழக்கும் என்பதால், த்ராட்டிலை எவ்வளவு தள்ளினாலும் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் வலு காணாமல் போயிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை அமைக்கும் பிடி) முழுதும் உள்ளே தள்ளி, எரிபொருள் மிகுதியாகப் போகும்படி வைத்துக் கிளம்புவது இருக்கும் வலுவையும் வீணடிப்பது. செஸ்னா 172 கையேடு 3,000 அடிக்கு மேற்பட்ட தளங்களில் மிக்ஸ்சரைக் குறைத்து அமைத்துக்கொள்ளச் சொல்கிறது.

அடுத்து, கையேட்டு அட்டவணையில் இன்றைய எடைக்கும் வெப்பநிலைக்கும் உரிய தூரத்தைப் பாருங்கள். ஓடும் தூரத்தையல்ல, 50 அடி உயரத் தடையைத் தாண்டும் தூரத்தை எடுங்கள். அது புது விமானத்தில், தேர்ந்த சோதனை விமானி, உலர்ந்த கடினத் தளத்தில் எடுத்த எண். பிரிட்டிஷ் ஆணையத்தின் பெருக்கெண்களை அதன்மேல் ஏற்ற வேண்டும்: உலர்ந்த குட்டைப் புல்லுக்கு 1.2, ஈரப்புல்லுக்கு 1.3, 2 சதவீத மேட்டுச் சரிவுக்கு 1.1, சேறு போன்ற மிருதுவான தரைக்குக் குறைந்தது 1.25. எல்லாவற்றுக்கும் மேல் பாதுகாப்புக்காக 1.33.

கையேடு 500 மீட்டர் என்கிறது. தளம் உலர்ந்த புல், சற்று மேட்டுச் சரிவு. 500 × 1.2 = 600; × 1.1 = 660; × 1.33 = 878 மீட்டர். 700 மீட்டர் ஓடுபாதையைப் பார்த்து ‘இருநூறு மீட்டர் மிச்சம்’ என்று நினைத்தவருக்கு உண்மையில் 178 மீட்டர் பற்றாக்குறை.

பின்காற்றை அற்பமாக நினைக்காதீர்கள். எழும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்று தூரத்தை 20 சதவீதம் நீட்டிவிடும். 55 நாட்டில் எழும் விமானத்துக்கு அது வெறும் ஐந்தரை நாட், காற்றின் திசை காட்டும் துணிப்பை அரைகுறையாக அசையும் அளவு. ‘டாக்ஸி தூரம் (தரையில் ஓடுபாதை வரை ஓட்டிச் செல்லும் தூரம்) குறைவு’ என்பதற்காகப் பின்காற்றோடு கிளம்பியவர்களின் அறிக்கைகள் நிறையவே இருக்கின்றன.

படி 4: சுற்றி வந்து பார்ப்பது

வேகமாகச் சொல்லிவிடலாம். டேங்கின் அடியிலிருந்து எரிபொருளை எடுத்துப் பாருங்கள்; தண்ணீர் அடியில் தங்கும். பிஸ்டன் விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோல் நீல நிறம். நிறமில்லாமலோ வைக்கோல் நிறத்திலோ இருந்து மண்ணெண்ணெய் வாசம் வந்தால் யாரோ ஜெட் எரிபொருளை ஊற்றியிருக்கிறார்கள். பிஸ்டன் எஞ்சின் அதில் டாக்ஸி வரை ஓடும், டேக்-ஆஃபில் நிற்கும். கலந்துவிட்டால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. எனவே நிரப்பும்போது கூடவே நில்லுங்கள். அளவைக் குச்சியால் பாருங்கள், அளவுமானியை நம்பாதீர்கள். பிட்டோ குழாயின் (வேகமானிக்குக் காற்றழுத்தம் தருவது) உறை, கன்ட்ரோல்களை அசையாமல் பிடித்துவைக்கும் பூட்டு இரண்டையும் கையால் எடுத்து உள்ளே வையுங்கள். உறைபனி விழும் இடமென்றால் இறக்கையைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பான உப்புத்தாள் அளவுக்குப் பனி படிந்திருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவிசை 40 சதவீதம் வரை கூடலாம்.

படி 5: காக்பிட்டில்

1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் புத்தம்புது மாடல் 299 எழுந்து, செங்குத்தாக ஏறி, ஸ்டால் ஆகி விழுந்தது. எலிவேட்டர் பூட்டை யாரும் விடுவிக்கவில்லை. ஓட்டியவர் தேர்ந்த சோதனை விமானி. நினைவை நம்பிப் பயனில்லை என்று உணர்ந்த பிறகுதான் விமானிகளின் கையில் செக்லிஸ்ட் வந்தது. இத்தனைக்குப் பிறகும் 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட், பூட்டு போட்டபடியே ஓடிப் பள்ளத்தில் பாய்ந்து எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அந்த விமானிகளின் முந்தைய 175 டேக்-ஆஃப்களில் 98 சதவீதத்தில் கன்ட்ரோல்களை முழுமையாகச் சோதிக்கவே இல்லை என்று பதிவுக்கருவி காட்டியது. சிறு விமானமல்ல, ஆனால் பாடம் சிறு விமானத்துக்கும் அதேதான்.

ஆகவே யோக்கை (விமானியின் கைப்பிடிச் சக்கரம்) நான்கு மூலைக்கும் கொண்டுபோங்கள், கண்ணால் பாருங்கள். இரண்டு கட்டைவிரலையும் மேல்நோக்கி வைத்து யோக்கைத் திருப்பினால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலே எழ வேண்டும். பராமரிப்புக்குப் பிறகு கம்பிகள் மாறிப்போயிருந்தால் இங்கேதான் தெரியும்.

எரிபொருள் வால்வை மூடியே வைத்திருந்தாலும் குழாயிலும் கார்புரேட்டரிலும் மிஞ்சியிருப்பதில் எஞ்சின் சற்று நேரம் ஓடும். தரையை விட்டு எழும் அளவுக்கு அது போதும் என்பதுதான் கொடுமை. ரன்-அப் (கிளம்புமுன் நின்றபடியே எஞ்சினை ஓட்டிச் சோதிப்பது) செய்த டேங்கிலேயே கிளம்புங்கள். கடைசி நிமிடத்தில் டேங்க் மாற்றாதீர்கள். மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) இரண்டும், கார்புரேட்டர் ஹீட் (உள்ளே பனி உறையாமல் காக்கும் வெப்பம்) அணைப்பு, ட்ரிம் (யோக்கின் பளுவைச் சமன்செய்வது) டேக்-ஆஃப் குறியில், ஃப்ளாப் (இறக்கையின் பின்பக்கம் கீழிறங்கும் தகடு) கையேடு சொல்லும் அளவில். இறங்கியவுடன் மீண்டும் எழும் பயிற்சியில் முழு ஃப்ளாப்போடு கிளம்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இருக்கையையும் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பூட்டு சரியாக விழாத இருக்கை, முழு வலுவில் பின்னால் நழுவும். விமானி பிடிமானத்துக்கு யோக்கையே பற்றுவார்; மூக்கு வானத்தைப் பார்க்கும்; காலுக்கு ரடர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு) மிதி எட்டாது. இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

படி 6: ஓடுபாதையின் வாசலில்

திசைகாட்டி எண்ணும் ஓடுபாதை எண்ணும் (22 என்றால் சுமார் 220 பாகைத் திசை) பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 2006 ஆகஸ்ட் 27 அன்று லெக்சிங்டனில் ஒரு பயணிகள் ஜெட் 22-ஆம் ஓடுபாதைக்குப் பதிலாக, அதில் பாதி நீளமே உள்ள 26-இல் ஓடியது. 49 பேர் இறந்தார்கள். ஒரு பார்வையில் தெரிந்திருக்கும்.

பெரிய விமானம் கிளம்பிய பின்னால் இரண்டு நிமிடமாவது காத்திருங்கள். ஓடுபாதையின் நடுவே வந்து சேரும் பாதையிலிருந்து கிளம்பினால் மூன்று. அதன் இறக்கை முனைச் சுழல் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு, தனியாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: எந்த இடத்தில் எழாவிட்டால் நிறுத்துவேன், ஓடும்போது எஞ்சின் தடுமாறினால் த்ராட்டிலை இழுப்பேன், எழுந்த பிறகு நின்றால் மூக்கைத் தாழ்த்தி நேரே இறங்குவேன், அந்த இடம் இது. மனத்தில் நினைப்பதும் நாக்கால் சொல்வதும் ஒன்றல்ல. சொன்னதைத்தான் கை அதிர்ச்சியில் செய்யும்.

படி 7: ஓட்டம்

த்ராட்டிலைச் சீராகத் தள்ளி, எஞ்சின் சுழற்சி எண்ணையும் எண்ணெய் அழுத்தத்தையும் பாருங்கள். வேகமானி உயிர்பெற்றதா என்று பாருங்கள். அசையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர் மூக்கை இடப்பக்கம் இழுக்கும். வலது ரடர் தேவை. பக்கக்காற்று இருந்தால் காற்று வரும் பக்கமாக யோக்கை முழுதாகத் திருப்பித் தொடங்கி, வேகம் கூடக்கூடத் தளர்த்துங்கள்.

ஓடுபாதையின் பாதியில் எழும் வேகத்தின் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் (0.7 × 0.7 = 0.49) கணக்கு பொருந்துகிறது. 55 நாட்டில் எழும் விமானத்துக்கு அது 39 நாட். ஆனால் இதை முழுதாக நம்பிவிடாதீர்கள். இந்த விதி நிறைவேறிவிட்டால் ஓடுபாதை முடிவதற்குள் சக்கரம் எழும், அவ்வளவுதான். அப்பால் நிற்கும் மரத்தைத் தாண்டுமா என்று அது சொல்லாது. ஈரப்புல்லில் மீதிப் பாதிக்குள் நிற்க முடியும் என்பதற்கும் உறுதியில்லை. கையேட்டுக் கணக்குப்படி சக்கரம் எழ வேண்டிய இடத்தை ஒரு விளக்கோ புதரோ அடையாளமாக வைத்துக் குறித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த அடையாளம் சக்கரத்துக்கு அடியில் போகும்போது நீங்கள் இன்னும் தரையில் இருந்தால், த்ராட்டிலை இழுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று மனம் சொல்லும். வேலியில் 20 நாட்டில் மோதுவதும் மரத்தில் 60 நாட்டில் மோதுவதும் ஒன்றல்ல. ஆற்றல் ஒன்பது மடங்கு.

படி 8: எழுந்த பின் முதல் நூறு அடி

ஓடுபாதை முடிவு நெருங்கும் பதற்றத்தில் யோக்கை இழுத்தால் விமானம் எழும்தான். ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனை வரையிலான நீளத்துக்குக் குறைவான உயரத்தில், தூக்குவிசையோடு சேர்ந்து வரும் இழுவிசை குறைந்திருக்கும் ‘தரை விளைவு’ அதை ஏந்திக்கொள்ளும். அதைத் தாண்டி ஏறியதும் அந்தச் சலுகை பறிபோகும். மூக்கு உயர்ந்து, வேகம் குறைந்து, ஏறவும் முடியாமல் இறங்கவும் மனமில்லாமல் விமானம் தொங்கும். இழுப்பது இங்கே உதவாது. மூக்கைச் சற்றே தாழ்த்தி, தரையை ஒட்டி வேகம் சேர்த்து, ஏறும் வேகம் வந்ததும் ஏறுங்கள். ஃப்ளாப்பை அவசரமாக மடக்காதீர்கள்.

படி 9: எஞ்சின் கைவிட்டால்

மூக்கைக் கீழே தள்ளுங்கள். இதுதான் முதல் வேலை, இதற்கு முன் வேறு வேலை இல்லை. ஏறும் கோணத்தில் வலு போனால் சில நொடிகளில் வேகம் கரைந்துவிடும். நம்ப முடியாமல் உறைந்து நிற்பதற்கே மூன்று நான்கு நொடி போய்விடும்.

அடுத்த ஆசை, திரும்பி ஓடுபாதைக்கே வருவது. கணக்கைப் பாருங்கள். 70 நாட்டில் 45 பாகை சரித்துத் திரும்பினாலும் வட்டத்தின் ஆரம் சுமார் 130 மீட்டர். 180 பாகை திரும்பி முடிக்கும்போது ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் 260 மீட்டர் தள்ளி இருப்பீர்கள். இன்னும் திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் வளைந்து நேராக்க வேண்டும். நேர்ப்பறப்பில் 50 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம் 45 பாகைச் சரிவில், உயரத்தைத் தக்கவைக்க முயன்றால், 60 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். கீழே தரை வேகமாக ஓடுவதைப் பார்த்து விமானி யோக்கை இழுக்கிறார், திருப்பத்தை விரைவுபடுத்த ரடரை மிதிக்கிறார். சுழன்று விழ இதைவிடச் சிறந்த வழி இல்லை. தப்பித் திரும்பினாலும் கிளம்பும்போது எதிர்க்காற்றாக இருந்தது இப்போது பின்காற்று.

எனவே குறைந்த உயரத்தில் நேரே, இருபுறமும் 30 பாகைக்குள் இருப்பதில் நல்ல இடம். விமானம் உடையலாம். சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் தரை தொட்டு, 9 ஜி (புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு) அளவுக்குச் சீராக வேகம் குறைந்தால் நிற்பதற்கு மூன்று மீட்டர் போதும். வேலியும் பயிரும் இறக்கையும் அந்த மூன்று மீட்டரைத் தரும், நீங்கள் கட்டுப்பாட்டோடு இறங்கினால். எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதைப் பயிற்றுநரோடு 3,000 அடிக்கு மேல் சென்று அளந்து பாருங்கள்: வலுவை அடக்கி, நான்கு நொடி காத்திருந்து, 270 பாகை திரும்பி, எவ்வளவு உயரம் போனது என்று குறித்து, அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே திரும்பும் யோசனையே வேண்டாம்.

எஞ்சின் பாதி வலுவில் திணறுவது இன்னும் மோசம். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2000 முதல் 2010 வரை ஒற்றை எஞ்சின் விமானங்களை ஆராய்ந்தது. எழுந்த பின் வலு பகுதியாகக் குறைந்த நிகழ்வுகள் 242, எஞ்சின் முழுதும் நின்ற நிகழ்வுகள் 75. உயிர்ப்பலி வாங்கிய விபத்துகள் ஒன்பதும் முதல் வகையில்தான். இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. முழுதும் நின்றுவிட்டால் முடிவு தெளிவு. பாதி வலு நம்பிக்கை கொடுத்துத் திரும்ப இழுக்கிறது. பாதி வலு இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் படி 6-இல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: வேகத்தைக் காப்பேன், சரிவைக் குறைவாக வைப்பேன், உயரம் குறையத் தொடங்கினால் நேரே இறங்குவேன்.

படி 10: கதவு திறந்துகொண்டால்

எழும்போது கதவு படாரென்று திறக்கும், காகிதங்கள் பறக்கும், காற்று அலறும். பெரும்பாலான சிறு விமானங்கள் திறந்த கதவோடு நன்றாகவே பறக்கும். அதைச் சாத்தக் குனியும் விமானிதான் விழுகிறார். ஓடுபாதை மிச்சமிருந்தால் இறக்கி நிறுத்துங்கள். இல்லையென்றால் கதவை விட்டுவிட்டு வேகத்தைப் பாருங்கள். ஓடுபாதையைச் சுற்றி வழக்கமான வட்டத்தைப் பறந்து, வழக்கமாகத் தரையிறங்கி, ஓடுபாதையை விட்டு விலகி நின்ற பிறகு சாத்திக்கொள்ளலாம்.